நம்பரை மாற்றினால் அடுத்தவர் டிக்கெட்! தாம்பரம் மாணவர் கண்டுபிடித்த ஓட்டை... டேட்டாபேஸ் சர்வரிடம் ‘ஸ்கிரிப்ட்’ தகவல் எடுப்பது எப்படி?

ரயில் டிக்கெட், கேஸ் சிலிண்டர், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், மாநகராட்சி சொத்து வரி... இப்போது எல்லாமே ஆன்லைன்தான். நம் பெயர், வயது, போன் நம்பர், முகவரி என எல்லாம் ஏதோ ஒரு டேட்டாபேஸ் சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. அந்த சர்வரிடம் கேள்வி கேட்பது நாம் மட்டும் இல்லை. ‘ஸ்கிரிப்ட்’ எனப்படும் சின்னச் சின்ன புரோகிராம்களும் நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பாதுகாப்புக்காகக் கேட்பவையும் உண்டு, திருடுவதற்காகக் கேட்பவையும் உண்டு.

இந்த ஸ்கிரிப்ட் எப்படி வேலை செய்கிறது? சர்வர் ஏன் பதில் சொல்கிறது? எங்கே ஓட்டை விழுகிறது? 2021-ல் தாம்பரத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர் கண்டுபிடித்த விஷயத்தை வைத்துப் பார்க்கலாம்.

தாம்பரத்தில் நடந்தது என்ன?

2021 ஆகஸ்ட் மாத இறுதி. தாம்பரத்தில் உள்ள தனியார் பள்ளியில் 12-ம் வகுப்பு படித்து வந்த 17 வயது மாணவர், ஐஆர்சிடிசி இணையதளத்தில் டிக்கெட் புக் செய்ய முயன்றபோது ஒரு குறைபாட்டைக் கவனித்தார். தன்னுடைய கணக்கில் லாகின் செய்திருந்த நிலையிலேயே, மற்ற பயணிகளின் பெயர், வயது, பாலினம், பிஎன்ஆர் எண், எந்த ரயில், எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார், என்றைக்குப் பயணம் என்ற விவரங்களைப் பார்க்க முடிந்தது.

பார்ப்பதோடு நிற்காது என்பதுதான் அவர் சொன்ன எச்சரிக்கை. பின்னணியில் இயங்கும் கோடு ஒன்றுதான் என்பதால், அந்தப் பயணிக்கே தெரியாமல் டிக்கெட்டை கேன்சல் செய்யவோ, ஏறும் ஸ்டேஷனை மாற்றவோ, அவர் பெயரில் சாப்பாடு ஆர்டர் செய்யவோ வாய்ப்பு இருந்தது என்றார் அவர். தீபாவளிக்கு ஊருக்குப் போக 4 பேருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் ஒரு குடும்பம், ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் டிக்கெட் கேன்சல் ஆன விஷயமே தெரிந்தால் எப்படி இருக்கும்?

அந்த மாணவர் ஆகஸ்ட் 30-ம் தேதி, இந்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன்னுக்கு இதைத் தெரிவித்தார். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் ஓட்டை அடைக்கப்பட்டது.

டேட்டாபேஸ் சர்வர் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, அது ஒரு ரெக்கார்டு ரூம். பத்திரப்பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் பார்க்கப் போனால் நாம் நேராக ரெக்கார்டு ரூமுக்குள் போவதில்லை. கவுன்ட்டரில் மனு கொடுப்போம். உள்ளே இருக்கும் ஊழியர் அதை எடுத்துக்கொண்டு போய், சரியான வால்யூமைத் தேடி எடுத்து வருவார்.

இணையதளமும் அப்படித்தான். நாம் பார்க்கும் பக்கம்தான் கவுன்ட்டர். அதற்குப் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் சர்வர்தான் ஊழியர். அதற்கும் பின்னால் இருப்பது டேட்டாபேஸ் சர்வர். கோடிக்கணக்கான பதிவுகள் அட்டவணை அட்டவணையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இடம் அது.

இந்த மூன்றாவது ஆளிடம் பேசுவதற்கு ஒரு மொழி இருக்கிறது. அதன் பெயர் எஸ்க்யூஎல். 1970-களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. ‘இந்த அட்டவணையில், இந்த எண் உள்ள வரியைக் கொடு’ என்று கேட்டால், அந்த வரியை எடுத்துக் கொடுக்கும். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று அது பொதுவாகக் குறுக்கு விசாரணை செய்யாது. நம்பகமான அப்ளிகேஷன் சர்வர் கேட்டால், ‘ஆள் யாருன்னு அவங்க பார்த்திருப்பாங்க’ என்று எடுத்துக்கொள்ளும். இந்த நம்பிக்கையில்தான் பிரச்னை தொடங்குகிறது.

ரயில்வேயின் ரெக்கார்டு ரூம் எவ்வளவு பெரியது?

இந்திய ரயில்வேயின் கணினி வேலைகளுக்காக 1986-ல் தொடங்கப்பட்ட அமைப்பு கிரிஸ். ரிசர்வேஷன் அமைப்பை நடத்துவது இந்த அமைப்புதான். டெல்லி, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத் ஆகியவற்றோடு சென்னையும் இந்த ரிசர்வேஷன் அமைப்பின் ஐந்து மையங்களில் ஒன்று. 2002 ஆகஸ்ட்டில் ஐஆர்சிடிசி ஆன்லைன் டிக்கெட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு தாம்பரம் ஸ்டேஷன் கவுன்ட்டரில் வரிசையில் நின்று கேட்டதை, அதன்பிறகு வீட்டிலிருந்தே கேட்க முடிந்தது.

கவுன்ட்டர் இருந்தவரை கேள்வி கேட்பதற்கு ஒரு வேக வரம்பு இருந்தது. வரிசையில் நிற்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், ஊழியர் டைப் செய்ய வேண்டும். ஆன்லைனில் அந்த வரிசை இல்லை. ஸ்கிரிப்ட் நுழைவது இந்த இடத்தில்தான்.

ஸ்கிரிப்ட் என்றால் என்ன?

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய, கணினிக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன வேலைப் பட்டியல்தான் ஸ்கிரிப்ட். பத்து வரியில்கூட முடிந்துவிடும். ‘முதல் எண்ணைக் கேள். வரும் பதிலை ஃபைலில் எழுது. எண்ணை ஒன்று கூட்டு. மறுபடியும் கேள்.’ இவ்வளவுதான்.

கணக்கு போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒரு மனிதர் 10 நொடிக்கு ஒரு கேள்வி கேட்டால், 8 மணி நேர வேலையில் 2,880 கேள்வி கேட்கலாம். அதுவும் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கக் கூடாது. நொடிக்கு 10 கேள்வி கேட்கும் சாதாரண ஸ்கிரிப்ட், ஒரு நாளில் 8,64,000 கேள்வி கேட்டுவிடும். 10 நாளில் 86 லட்சத்தைத் தாண்டும்.

தாம்பரம் மாணவர் கண்டுபிடித்த விஷயத்தின் சீரியஸ்னெஸ் இதுதான். ஒரு டிக்கெட்டை எட்டிப் பார்க்க முடிவது சின்ன தவறு மாதிரி தெரியும். அதே ஓட்டையில் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டால், லட்சக்கணக்கான பயணிகளின் விவரம் ஒரு ஃபைலில் வந்து விழுந்துவிடும்.

லாகின் இருந்தும் ஓட்டை எப்படி வந்தது?

‘பாஸ்வேர்டு போட்டுத்தானே உள்ளே போறோம், அப்புறம் என்ன?’ என்ற கேள்வி வரலாம். இங்கே இரண்டு வேறு வேறு சோதனைகள் இருக்கின்றன.

முதல் சோதனை: நீங்கள் யார்? லாகின், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் இதற்குத்தான்.

இரண்டாவது சோதனை: நீங்கள் கேட்கும் இந்தப் பொருள் உங்களுடையதா?

அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் உங்கள் பெயரைக் கேட்டு உள்ளே விடுகிறார். அது முதல் சோதனை. உள்ளே போன பிறகு எந்த வீட்டுக் கதவைத் தள்ளினாலும் திறக்கிறது என்றால், இரண்டாவது சோதனை இல்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு டிக்கெட்டுக்கும், பில்லுக்கும், ரிப்போர்ட்டுக்கும் ஒரு அடையாள எண் இருக்கும். நம் பிரவுசர் அந்த எண்ணைச் சொல்லித்தான் சர்வரிடம் விவரம் கேட்கிறது. அந்த எண்ணை மாற்றி வேறு எண்ணைச் சொன்னால், ‘இது உன்னுடையது இல்லை’ என்று சர்வர் மறுக்க வேண்டும். மறுக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டால், அந்தக் குறைபாட்டுக்குத் தொழில்நுட்ப உலகம் வைத்திருக்கும் பெயர் ‘இன்செக்யூர் டைரக்ட் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ்’. சுருக்கமாக ஐடிஓஆர். ஐஆர்சிடிசி தளத்தில் இருந்ததும் இந்த வகைதான்.

இது நம்ம ஊர் பிரச்னை மட்டும் இல்லை. 2019 மே மாதம், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல் என்ற சொத்துப் பதிவுக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில், ஆவண எண்ணை மாற்றினாலே அடுத்தவர் ஆவணம் திறப்பது தெரியவந்தது. வெளியே தெரியும் நிலையில் இருந்த ஆவணங்கள் சுமார் 88.5 கோடி. வீட்டுக்கடன் பத்திரங்கள், வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, அதிகம் காணப்படும் குறைபாடுகளின் டாப் 10 பட்டியலை வெளியிடுகிறது. ‘யாருக்கு எதைப் பார்க்க அனுமதி’ என்பதைச் சரியாகச் சோதிக்காத குறைபாடு, 2017 பட்டியலில் 5-வது இடத்தில் இருந்தது. 2021 பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

சர்வரைப் பற்றியே விசாரிக்கும் ஸ்கிரிப்ட்!

இதுவரை பார்த்தது சர்வருக்குள் இருக்கும் தகவல் பற்றி. சர்வரைப் பற்றிய தகவலையும் ஸ்கிரிப்ட் மூலம் எடுக்க முடியும். சொல்லப்போனால், தினமும் சட்டப்படி நடக்கும் வேலை இதுதான்.

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என தென்சென்னை புறநகரில் உள்ள ஐடி நிறுவனங்களில் ‘டிபிஏ’ என்ற பதவியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். ஒரு டிபிஏ பொறுப்பில் பத்து, ஐம்பது, ஏன் நூறு சர்வர்கள்கூட இருக்கலாம். ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அதனால் ராத்திரி ஒரு நேரம் வைத்து ஸ்கிரிப்டை ஓடவிடுவார்கள். அது ஒவ்வொரு சர்வரிடமும் போய் சில கேள்விகளைக் கேட்கும்.

* உன் வெர்ஷன் என்ன? கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட் போட்டாச்சா?
* டிஸ்க்கில் எவ்வளவு இடம் பாக்கி?
* இப்போது எத்தனை பேர் இணைப்பில் இருக்கிறார்கள்?
* யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது? யாருக்கு எந்த அட்டவணை வரை அனுமதி?
* கடைசி பேக்கப் எப்போது எடுத்தது?
* எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதிக நேரம் ஆகிறது?

இதற்கெல்லாம் பதில் சர்வரிடமே இருக்கிறது. எந்த அட்டவணை இருக்கிறது, அதில் எத்தனை காலம் இருக்கிறது, யாருக்கு என்ன உரிமை என்பதையெல்லாம் டேட்டாபேஸ் தனக்குள்ளேயே தனி அட்டவணைகளில் எழுதி வைத்துக்கொள்ளும். ரெக்கார்டு ரூமின் வாசலில் தொங்கும் இன்டெக்ஸ் நோட்டு மாதிரி. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் என எந்த நிறுவனத்தின் டேட்டாபேஸாக இருந்தாலும் இந்த ஏற்பாடு இருக்கும்.

மறுநாள் காலை டிபிஏ-வின் கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கும். ‘37-வது சர்வரில் இடம் 8 சதவீதம்தான் பாக்கி, 12-வது சர்வரில் 3 நாளாக பேக்கப் எடுக்கவில்லை’ என்று அது சொல்லும். பிரச்னை வெடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அதே கேள்வி திருடனிடம் இருந்து வந்தால்?

பூட்டை உடைக்க வருபவர் முதலில் பார்ப்பது அது என்ன கம்பெனி பூட்டு என்பதைத்தான். டேட்டாபேஸில் அதுதான் வெர்ஷன் நம்பர். பழைய வெர்ஷன் என்று தெரிந்தால், அதில் என்ன ஓட்டை என்பது ஏற்கெனவே ஊருக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் ‘சர்வரைப் பற்றிய தகவல்’ என்பதும் பூட்டி வைக்க வேண்டிய தகவல்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் இருக்கிறது. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை. இந்திய நேரப்படி காலை சுமார் 11 மணி. ‘ஸ்லாமர்’ என்ற கணினிப் புழு பரவத் தொடங்கியது. மொத்த அளவே 376 பைட். இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியைவிடச் சின்னது.

அது நுழைந்த வழிதான் கவனிக்க வேண்டியது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2000-ல், ‘இந்தக் கணினியில் எந்தெந்த டேட்டாபேஸ் ஓடுகிறது, எந்தக் கதவு எண்ணில் இருக்கிறது’ என்று விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு சேவை இருந்தது. 1434 என்ற எண்ணில் காத்திருக்கும். தகவல் சொல்ல வைத்த அந்த வரவேற்பு மேஜையில் இருந்த குறைபாட்டை வைத்துத்தான் ஸ்லாமர் உள்ளே புகுந்தது.

ஆரம்பத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. சுமார் 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. இலக்கான கணினிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வெறும் 10 நிமிடத்தில் சிக்கின. தென் கொரியாவில் இணையம் ஸ்தம்பித்தது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான ஏடிஎம்கள் பணம் தரவில்லை.

இதற்கான மருந்து ஏற்கெனவே இருந்தது. 2002 ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்துவிட்டது. ஆறு மாதமாகப் பலர் அதைப் போடவில்லை. தங்கள் அலுவலகத்தில் எஸ்க்யூஎல் சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாத இடங்களும் இருந்தன. ‘உன் வெர்ஷன் என்ன?’ என்று கேட்கும் ஒரு ஸ்கிரிப்டை ராத்திரி ஓடவிட்டிருந்தால் பட்டியல் கையில் கிடைத்திருக்கும்.

கதவே இல்லாத சர்வர்களும் உண்டு

ஓட்டை தேடக்கூடத் தேவையில்லாத சம்பவங்களும் நடந்திருக்கின்றன. 2017 ஜனவரியில், பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ‘மாங்கோ டிபி’ டேட்டாபேஸ்களைச் சில கும்பல்கள் ஸ்கிரிப்ட் வைத்துத் தேடின. கிடைத்த இடத்தில் எல்லாம் தகவலை அழித்துவிட்டு, ‘பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம்’ என்று ஒரு குறிப்பை மட்டும் விட்டுச் சென்றன. பல்லாயிரக்கணக்கான டேட்டாபேஸ்கள் இப்படிக் காலியாயின. மனிதர் யாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்யவில்லை. எல்லாம் ஸ்கிரிப்ட் வேலை.

2019 ஜனவரி இறுதியில், பாரத ஸ்டேட் வங்கியின் ‘எஸ்பிஐ குயிக்’ சேவைக்கான சர்வர் ஒன்று பாஸ்வேர்டு இல்லாமல் இருந்ததாக டெக்கிரஞ்ச் செய்தி வெளியிட்டது. மிஸ்டு கால், எஸ்எம்எஸ் மூலம் வாடிக்கையாளர்களுக்குப் பேலன்ஸ் சொல்லும் சேவை அது. தகவல் கிடைத்ததும் சர்வர் பூட்டப்பட்டது.

தட்கல் டிக்கெட்டும் ஸ்கிரிப்டும்

சரி, இதெல்லாம் நமக்கு நேரடியாக எப்படிப் படுகிறது? காலை 10 மணிக்கு ஏசி தட்கலும், 11 மணிக்கு ஏசி இல்லாத பெட்டிகளுக்கான தட்கலும் திறக்கும்போது மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு இது புரியும். நாம் பெயரை டைப் செய்து முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும்.

டிக்கெட் திறந்த முதல் 5 நிமிடத்தில் வரும் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை தானியங்கி ‘பாட்’ புரோகிராம்களே என்று 2025-ல் ரயில்வே தரப்பிலேயே தெரிவிக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி ஐடிகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்குத் தடையும் விதிக்கப்பட்டது.

இங்கே ஸ்கிரிப்ட் ஓட்டை வழியாக நுழையவில்லை. எல்லாரும் நிற்கும் அதே கவுன்ட்டரில், ஆயிரம் கைகளோடு வந்து நிற்கிறது. அதனால்தான் கேப்ச்சா, ஓடிபி, ஆதார் என்று ஒவ்வொரு தடையாக வைக்கிறார்கள். வேகத்தைக் குறைப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

டெலிகிராமில் வந்த ‘பாட்’

ஸ்கிரிப்டுக்கு ஒரு சாட் முகத்தை மாட்டிவிட்டால் அதுதான் டெலிகிராம் பாட். 2023 ஜூனில், போன் நம்பரைக் கொடுத்தால் கோவின் தடுப்பூசிப் பதிவில் இருந்த பெயர், அடையாள அட்டை எண் போன்ற விவரங்களைச் சொல்லும் ஒரு பாட் பரபரப்பானது. கோவின் பாதுகாப்பாக இருப்பதாக மத்திய சுகாதாரத்துறை சொன்னது. அந்த பாட் கோவின் டேட்டாபேஸை நேரடியாக அணுகவில்லை என்பது செர்ட்-இன்னின் ஆரம்பகட்ட ஆய்வு.

அடுத்த ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்துக்கு இதே சிக்கல். வாடிக்கையாளர்களின் பாலிசி விவரம், மருத்துவ ஆவணங்களை டெலிகிராம் பாட் மூலம் எடுக்க முடிவதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடித் தடை உத்தரவு பெற்றது. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டும் நோயின் பெயரும் கசிந்தால் எதை மாற்றுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் பிரிவு 43, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினியையோ, அதில் உள்ள தகவலையோ அணுகுவதையும் நகல் எடுப்பதையும் தவறு என்கிறது. அதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவித்த கணினிகளில் கை வைத்தால் பிரிவு 70-ன்படி 10 ஆண்டு வரை சிறை.

நிறுவனங்களுக்கும் கடமை இருக்கிறது. சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், சர்வரின் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவு வந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

ஓட்டை கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. தற்செயலாக ஒரு குறைபாடு தெரிந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘எவ்வளவு வருதுன்னு பார்ப்போமே’ என்று ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டால் கதை மாறிவிடும். ஒன்றிரண்டு பதிவு தெரிந்ததே ஓட்டையை நிரூபிக்கப் போதும். லட்சம் பதிவுகளை டவுன்லோட் செய்தால் அது ஆதாரம் ஆகாது, குற்றம் ஆகிவிடும்.

எந்தப் பக்கம், என்ன செய்தபோது, என்ன தெரிந்தது என்பதை எழுதி, செர்ட்-இன்னுக்கோ அந்த நிறுவனத்துக்கோ அனுப்பலாம். சரிசெய்யும் வரை சோஷியல் மீடியாவில் போடக் கூடாது. தாம்பரம் மாணவர் தேர்ந்தெடுத்த வழி இதுதான். முதலில் செர்ட்-இன், ஓட்டை அடைபட்ட பிறகுதான் செய்தி. பல நிறுவனங்கள் இப்படிச் சொல்பவர்களுக்குப் பரிசும் அங்கீகாரமும் தருகின்றன. பரிசுத் திட்டம் இருக்கிறதா, எந்த எல்லை வரை சோதிக்க அனுமதி என்பதை முதலில் படித்துப் பார்ப்பது நல்லது.

சின்ன நிறுவனம் நடத்துபவர்கள் கவனத்துக்கு...

குரோம்பேட்டை கிளினிக், பல்லாவரம் டியூஷன் சென்டர், பெருங்களத்தூர் அபார்ட்மென்ட் சங்கம்... இன்று எல்லாரிடமும் ஒரு ஆப் அல்லது வெப்சைட் இருக்கிறது. யாரோ ஒரு டெவலப்பர் செய்து கொடுத்திருப்பார். அவரிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. ஒருவர் லாகின் செய்துவிட்டு, லிங்க்கில் உள்ள எண்ணை மாற்றினால் அடுத்தவர் பில்லோ ரிப்போர்ட்டோ திறக்குமா? என் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.
2. டேட்டாபேஸ் சர்வர் நேரடியாக இணையத்தில் தெரிகிறதா, இல்லை அப்ளிகேஷன் சர்வர் மட்டும்தான் அதனிடம் பேச முடியுமா?
3. எந்த வெர்ஷன் ஓடுகிறது? கடைசி அப்டேட் எப்போது?
4. ஒரே ஐடியில் இருந்து ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கேள்வி வந்தால் நிறுத்த வழி இருக்கிறதா? எச்சரிக்கை வருமா?
5. கடைசி பேக்கப் எங்கே? அதிலிருந்து ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தீர்களா?

முதல் கேள்விக்கு இரண்டு லாகினும் ஐந்து நிமிடமும் போதும். அதற்கே டெவலப்பர் தயங்கினால், அந்த ஆப்பில் வாடிக்கையாளர் விவரத்தை ஏற்றுவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

சர்வரில் இருக்கும் ஓட்டையை நம்மால் அடைக்க முடியாது. நாம் கொடுக்கும் விவரத்தைக் குறைக்கலாம். கட்டாயம் இல்லாத இடத்தில் ஆதார் நம்பர் தர வேண்டாம். ஒரே பாஸ்வேர்டை எல்லா தளத்துக்கும் வைக்க வேண்டாம். டிக்கெட்டைப் பிஎன்ஆர் எண் தெரியும்படி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

நம் பெயர், ரயில் நம்பர், பயணத் தேதி எல்லாம் சரியாகச் சொல்லிக்கொண்டு ‘ரீஃபண்ட் வந்திருக்கு சார், ஓடிபி சொல்லுங்க’ என்று ஒரு போன் வந்தாலும் நம்பிவிடக் கூடாது. விவரம் சரியாக இருப்பதாலேயே அவர் ரயில்வே ஆள் ஆகிவிட மாட்டார். அது எங்காவது கசிந்த டேட்டாவாகவும் இருக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் தரலாம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள், 2022 ஜனவரி முதல் செயல்படும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவையும் அணுகலாம். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.